நடு அறையில் கொதித்த போன்: ரங்கூன் கோடையில் ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் மாதக் கடைசி. 28ஆம் தேதி மியான்மரின் மகுவே வட்டாரத்துச் சௌக் ஊரில் 48.2 டிகிரி வெப்பம் பதிவானது. ரங்கூனிலும் அன்று 40ஐத் தொட்டது. மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு, தோசைக்கடையை மூடிய கையோடு அக்கா என் ரிப்பேர் மேசைக்கு வந்தார். கையில் ஈரக் கைக்குட்டை. அதைப் பிரித்தால் உள்ளே போன்.

"தம்பி, இது கையைச் சுடுது. பாட்டரி மாத்தியாச்சு, அப்பவும் சுடுது. ராத்திரி பையன் கூப்பிட்டா பத்து நிமிசம்கூட நிக்கல. நீ ஒரு தடவை பாருப்பா."

அந்த மாதம் வந்த போன்களில் பெரும்பாலானவை இதே புகாரோடுதான் வந்தன. ஆனாலும் இந்த ஒன்றைத் தனியாக எழுதி வைக்கிறேன். மற்றவற்றில் விசிறிக் காற்றும் கொஞ்சம் அறிவுரையும் போதுமாயிருந்தது. இதில் நான் ஒரு வாரம் தவறான இடத்தில் தேடினேன். சரியான இடத்தைக் காட்டியது பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டுப் புத்தகம்.

போனும் அதன் வீடும்

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அனோரத்தா சாலைக்கும் மகாபந்துலா சாலைக்கும் நடுவிலுள்ள தெரு ஒன்றில், காலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டியில் தோசைக்கல்லை ஏற்றுவார். குடியிருப்பது அதே தெருவில் மூன்றாவது மாடி. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மகன் மலேசியாவில் வேலை. கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. மகன் இரவு எட்டு மணிக்குமேல்தான் கூப்பிட முடியும். முகம் பார்த்துப் பேசும் அழைப்புதான் அக்காவுக்கு வேண்டும். அந்த ஒரு அழைப்புக்காகத்தான் போன் என்றுகூடச் சொல்லலாம். காலையில் கடையில் பணம் வாங்குவதும் அதில்தான். வாடிக்கையாளர் கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்து அனுப்ப, 'டிங்' என்று சத்தம் வரும்.

போன் இரண்டு வருடப் பழையது. நடுத்தர விலை ஆண்ட்ராய்ட், 5000 மில்லி ஆம்பியர் மணி பாட்டரி, இரண்டு சிம். இங்கே இரண்டு சிம் இல்லாதவர்கள் குறைவு. ஒரு காலத்தில் சிம் கார்டு என்பது பணக்காரர் பொருள். 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து 1500 கியாட்டுக்கு விற்றபோதுதான் எங்கள் தெருவில் எல்லாக் கையிலும் போன் வந்தது. ஒன்றில் சிக்னல் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று அன்று பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை. இந்தப் பழக்கத்துக்கும் சூட்டுக்கும் தொடர்பு உண்டு, பின்னால் வருகிறேன்.

மார்ச் கடைசியில் தொந்தரவு ஆரம்பித்திருக்கிறது. முதலில் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்தது. பிறகு திரை தானாக மங்கியது. பிறகு 'சாதனம் அதிகச் சூடாக உள்ளது' என்று எழுத்து வந்து கேமரா நின்றது. வேறொரு கடையில் பாட்டரி கெட்டுவிட்டது என்று மாற்றினார்கள். இரண்டு நாள் வியாபாரக் காசு போனது. மூன்று நாளில் பழைய கதை. மறுபடி போனபோது வைரஸ் என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கிக் கொடுத்தார்கள். அதில், பழைய போனிலிருந்து கொண்டுவந்திருந்த கணவரின் குரல் செய்திகளும் போய்விட்டன. அதை அக்கா என்னிடம் சொல்லும்போது குரல் இறங்கியது. 'சும்மா ரீசெட் போட்டுப் பார்ப்போம்' என்று சொல்லும் எல்லாருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சூட்டுக்குக் காரணம் தெரியாமல் செய்த வைத்தியம் சூட்டைக் குறைக்கவில்லை. திரும்ப வாங்க முடியாத ஒன்றைக் கொண்டுபோய்விட்டது.

என் மேசையில் அது குளிர்ந்துவிட்டது

நான் செய்த முதல் காரியம் உறையைக் கழற்றியது. தடித்த ரப்பர் உறை. பின்பக்கம் அடையாள அட்டை, மடித்த கியாட் நோட்டு நாலைந்து, ஒரு சாமி படம். போனுக்குப் போர்வை போர்த்தியதுபோல்தான். உள்ளே விசிறி கிடையாது. உள்ளே உண்டாகும் சூடு முழுக்க முதுகு வழியாகவும் கண்ணாடி வழியாகவும்தான் வெளியே போக வேண்டும். தொடர்ந்து நாலைந்து வாட்டுக்குமேல் உள்ளே எரிந்தால் இந்த அளவு உடம்பால் அதை வெளியேற்றச் சிரமம்.

அடுத்தது என் தவறு. மாற்றிய பாட்டரி போலியாக இருக்கும் என்று முன்முடிவு செய்து முதுகைத் திறந்தேன். பாட்டரி உப்பவில்லை. கரைப்பான் வாடை இல்லை. பவரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் மேசையில் வைத்தேன். அறைச் சூட்டிலேயே கிடந்தது. இது முக்கியமான சோதனை. அணைத்து, சார்ஜரில் போடாமல் வைத்த போன் தானாகச் சூடானால் பாட்டரிக்குள் கசிவு இருக்கலாம், அதை வீட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. இதில் அப்படி எதுவும் இல்லை. சார்ஜ் ஏறும் வேகம், இறங்கும் வேகம், இரண்டும் ஒழுங்கு.

ஒரே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஈரம் பட்டால் நிறம் மாறும் சின்னச் சீட்டு உள்ளே இளஞ்சிவப்பாகியிருந்தது. கேட்டபோது அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ரொம்பச் சுடுறப்போ ஐஸ் பெட்டிக்குள்ள ரெண்டு நிமிசம் வைப்பேன் தம்பி." ரங்கூன் காற்றில் உள்ள ஈரத்துக்கு, குளிர்ந்த போனை வெளியே எடுத்த உடனே வெளிக் கண்ணாடியில் வேர்ப்பதுபோல் உள்ளேயும் வேர்க்கும். பெட்டிக்குள் வைப்பதும் ஈரத்துணி சுற்றுவதும் இனி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உலர்த்தி மூடினேன்.

பிறகு ஒன்றரை மணி நேரம் படம் ஓட்டினேன், அழைப்பு போட்டேன், கேமராவைத் திறந்து வைத்தேன். 36 டிகிரிக்குமேல் ஏறவே இல்லை. "சரியாயிடுச்சு அக்கா" என்று கொடுத்தேன். நான்காம் நாள் இரவு ஒன்பது மணிக்கு மகள் தன் பள்ளித்தோழியின் போனிலிருந்து எனக்குப் படம் அனுப்பினாள்: அதே எச்சரிக்கை எழுத்து.

என் மேசைக்கு இன்வெர்ட்டர் உண்டு, தலைக்குமேல் விசிறி உண்டு, சூலே பகோடா பக்கம் சிக்னல் எப்போதும் நிறைய. அக்காவின் வீட்டில் இந்த மூன்றும் இல்லை. நோயாளியை அவர் படுத்திருக்கும் அறையில் பார்க்காமல் என் அறையில் பார்த்திருக்கிறேன்.

நோட்டுப் புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். ரங்கூன் நடுநகரக் கட்டடங்களை அறிந்தவர்களுக்கு அந்த வீட்டை விவரிக்க வேண்டியதில்லை. அகலம் 12½ அடி, நீளம் 50 அடி. முன்னால் தெருவைப் பார்த்த பால்கனி, பின்னால் சமையலறை, நடுவில் இருபக்கமும் சுவர் அடைத்த இருட்டு அறை. கட்டில், சாமி அலமாரி, சார்ஜர் எல்லாம் அந்த நடு அறையில். வீட்டிலேயே வெயில் படாத இடம் அதுதான், பகலில் அங்கேதான் கொஞ்சம் குளிர்ச்சி. அதனால் போனும் அங்கே.

மகளிடம் ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கி ஐந்து பத்தி கோடு போட்டோம். நேரம், மின்சாரம் உண்டா இல்லையா, போன் எந்த அறையில், பாட்டரி எத்தனை டிகிரி, சிக்னல் எத்தனை. பாட்டரிச் சூட்டை ஒரு சின்னச் செயலி காட்டும். சிக்னலுக்கு *#*#4636#*#* என்று அழுத்தினால் பெரும்பாலான ஆண்ட்ராய்ட் போன்களில் ஒரு பக்கம் திறக்கும். அதில் டிபிஎம் என்ற அளவில் கழித்தல் குறியோடு எண் இருக்கும். -80, -90 என்றால் நல்லது. -110ஐத் தாண்டினால் போன் திணறுகிறது. மேலே தெரியும் நாலு கோடுகளை நம்ப வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். கோடு எத்தனைக்கு எத்தனை என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்.

"மாமா, அறையில எவ்வளவு சூடுன்னும் எழுதட்டா? எங்க ஸ்கூல் லேப்ல தெர்மாமீட்டர் கேட்டா தருவாங்க" என்றாள். ஆறாவது பத்தி அவள் சேர்த்தது. அது இல்லாமல் இந்த ஆய்வு நிலைத்திருக்காது.

ஆறு நாளில் 58 வரிகள். அவற்றில் இரண்டை மட்டும் இங்கே தருகிறேன். மூன்றாம் நாள் பிற்பகல் 3 மணி, மின்சாரம் உண்டு, நடு அறை, 12 நிமிட வீடியோ அழைப்பு: அறை 35, சிக்னல் -96, பாட்டரி 38.4. அதே நாள் இரவு 7.40, மின்சாரம் போய் இரண்டரை மணி நேரம், அதே நடு அறை, அதே 12 நிமிட அழைப்பு: அறை 36, சிக்னல் -117, பாட்டரி 43.1.

அறை ஒரு டிகிரிதான் ஏறியிருக்கிறது. போன் ஏறத்தாழ ஐந்து.

மின்சாரம் போனால் போன் ஏன் சுட வேண்டும்?

அந்தக் கோடையில் எங்கள் பகுதியில் 4 மணி நேரம் மின்சாரம் வந்தால் 4 மணி நேரம் போகும். அட்டவணைப்படி வந்தால் அதுவும் நல்ல நாள். பர்மிய மொழியில் 'மீ பியெ', அதாவது மின்சாரம் போய்விட்டது, என்றால் இங்கே குழந்தைக்கும் புரியும். திரும்ப வந்தால் தெரு முழுக்க 'மீ லா பீ' என்று ஒரு கூச்சல் எழும். விசிறி நிற்பதால் போன் சுடுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம், நானும். நோட்டு அதை மறுத்தது. மின்சாரம் போன முதல் ஒரு மணி நேரத்தில் எழுதிய வரிகள் எதிலும் போன் பெரிதாகச் சூடாகவில்லை. விசிறி நின்றுதான் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகுதான் சிக்னல் எண் -100க்குக் கீழே சரிய ஆரம்பிக்கிறது. சூடும் அதன் பின்னாலேயே ஏறுகிறது.

கைபேசிக் கோபுரங்களுக்கும் மின்சாரம் வேண்டும். மின்தடையில் அவை தம் பாட்டரியில் ஓடும், அல்லது டீசலில். அந்தப் பாட்டரி நிறைவதற்குள் அடுத்த தடை வந்துவிட்டால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பக்கத்துக் கோபுரம் படுத்துவிடுவது இயல்பு. அப்போது போன் எட்ட உள்ள கோபுரத்தைப் பிடிக்க வேண்டும். உடனே சரியாமல், தாமதித்துச் சரிந்த அந்த எண்கள் இதைத்தான் சொல்லின. எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருட்டில் எல்லாருமே தத்தளித்த மாதம் அது.

எட்ட உள்ள கோபுரத்தோடு பேசும்போது போனுக்குள் நடப்பது இது. டிபிஎம் அளவில் 10 குறைந்தால் அலை பத்தில் ஒரு பங்காகிறது. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. -96க்கும் -117க்கும் இடையே 21. அதாவது கோபுரத்தின் குரல் நூறு மடங்குக்கும் மேல் மெலிந்துவிட்டது. அதேபோல் போனின் குரலும் கோபுரத்துக்குக் கேட்காது. ஆகவே கோபுரம் 'இன்னும் உரக்கப் பேசு' என்று கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண 4ஜி போன் உரக்கப் பேசக்கூடிய உச்சம் 0.2 வாட். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் அந்த 0.2 வாட்டை வெளியே தள்ள உள்ளே அலையைப் பெரிதாக்கும் பெருக்கி அதைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். வெளியே போகாத மிச்சம் முழுவதும் சூடு. போதாததற்கு, வழியில் சிதைந்துபோன துண்டுகளை மறுபடி மறுபடி அனுப்ப வேண்டும். நல்ல சிக்னலில் ஒரு நொடியில் முடியும் வேலை, மோசமான சிக்னலில் பல நொடி இழுக்கும். அத்தனை நொடியும் பெருக்கி எரியும்.

இதன்மேல் வீடியோ அழைப்பு. நாள்தோறும் நாம் செய்யும் காரியங்களில் போனை இவ்வளவு வதைப்பது வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். கேமரா ஓடுகிறது, நம் முகத்தைச் சுருக்கி அனுப்புகிறது, எதிர்முகத்தை விரித்துக் காட்டுகிறது, திரை எரிகிறது, கோபுரத்தோடு பேசும் ரேடியோப் பகுதி கத்துகிறது. எல்லாம் ஒரே சமயத்தில்.

அக்கா சொன்ன இன்னொரு தகவலைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு சார்ஜ் ஐந்து மணி நேரத்தில் தீர்கிறது என்றார். 5000 மில்லி ஆம்பியர் மணி, 3.85 வோல்ட், பெருக்கினால் ஏறக்குறைய 19 வாட் மணி. ஐந்தால் வகுத்தால் 4 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. போனுக்குள் போகும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. அப்படியென்றால் அந்தச் சின்ன உடம்பு ஐந்து மணி நேரமும் தன் வரம்பை ஒட்டியே எரிந்திருக்கிறது. பாட்டரி சீக்கிரம் தீர்வதும் போன் சுடுவதும் இரண்டு நோய்கள் என்று நினைத்து முன்பு பாட்டரியை மாற்றினார்கள். ஒரே கணக்கின் இரண்டு பக்கம்தான் அவை.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது

சந்தேகத்தை உறுதிசெய்ய, இரவு மின்தடையின் மூன்றாம் மணி நேரத்தில் நானே அங்கே போய் உட்கார்ந்தேன். போன் 43இல் இருந்தபோது விமானப் பயன்முறையில் போட்டேன். அதே அறை, அதே திரை வெளிச்சம், உள்ளே சேமித்த ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் 38.2. படம் ஓட்டுவது சூட்டுக்குப் பெரிய காரணமில்லை, ரேடியோதான் என்று அக்காவுக்கே தெரிந்துவிட்டது; போனை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

அடுத்த இரவு இரண்டாவது சிம்மை எடுத்தோம். அந்த நிறுவனத்தின் அலை நடு அறைக்குள் அறவே வருவதில்லை. கிடைக்காததை அது நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. எடுத்த பிறகு, சும்மா வைத்திருக்கும் நேரத்துச் சூடு ஒன்றரை டிகிரி இறங்கியது. அந்த எண்ணுக்கு மாதம் ஒருமுறை வங்கிச் செய்தி வரும் என்றார். தேவையானபோது போட்டுக்கொள்ளட்டும், அல்லது அமைப்பில் அணைத்து வைக்கட்டும்.

தடைபட்ட தளங்களைச் சுற்றுவழியில் திறக்கும் இலவச விபிஎன் செயலி ஒன்றை மகள் அந்தப் போனில் வைத்திருந்தாள். 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் தடைபட்ட பிறகு இது வீட்டுக்கு வீடு. எல்லாவற்றையும் பூட்டுப் போட்டு அனுப்புவதில் செயலிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலைதான், அது பெரிதில்லை. சிக்னல் அறுந்து அறுந்து வரும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக இணைப்பு போட அது முட்டிமோதும், அதுதான் பெரிது. பேசி முடித்ததும் ரேடியோ உடனே தூங்கப் போகாது. சில நொடி விழித்தபடி காத்திருக்கும். நிமிடத்துக்கு நாலு முறை தட்டி எழுப்பினால் அதற்குத் தூக்கமே கிடையாது. வேண்டாதபோது அணைத்து வைக்கச் சொன்னேன். நல்ல பிள்ளை, கேட்டுக்கொண்டாள்.

கடைசியாக, போனை நடு அறையிலிருந்து பால்கனிக்குக் கொண்டுபோனோம். மின்தடை தொடங்கி மூன்று மணி நேரம், இரவு எட்டு மணி, 12 நிமிட வீடியோ அழைப்பு. சிக்னல் -105. பாட்டரி 38.9. நடு அறையின் -117க்கும் இதற்கும் 12 வித்தியாசம்; அதாவது முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 16 மடங்கு வலுவான அலை. நாற்பது அடி நடந்ததற்கு 4 டிகிரிக்குமேல் பரிசு. பழைய கட்டடத்தின் தடித்த செங்கல் சுவர்கள் பகல் வெயிலைத் தடுத்ததுபோலவே அலையையும் தடுத்துக்கொண்டிருந்தன. அக்கா குளிர்ச்சிக்காகத் தேர்ந்தெடுத்த இடமே போனைக் கொதிக்க வைத்தது. எத்தனையோ வீடுகளில் இதே நடக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காலைச் சூடு வேறு

நோட்டில் இன்னொரு மேடும் இருந்தது: காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. அப்போது சிக்னல் நன்றாக இருக்கிறது, போன் 41. இதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தோசைக்கல்லுக்கு ஒரு முழத் தூரத்தில், பணம் வந்ததா என்று பார்க்க வசதியாக, வெயிலில் சாய்த்து வைத்திருந்தார். நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொட்டுகிறது. அந்தப் போனின் முகம் 0.012 சதுர மீட்டர். அப்படியானால் 12 வாட் வரை. உள்ளே எரிவதைப்போல மூன்று மடங்கு வெளியிலிருந்து வருகிறது. கறுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். வெயிலில் தெரிய வேண்டும் என்று திரையை முழு வெளிச்சத்தில் வைத்ததும் சேர்ந்துகொண்டது. வண்டியின் மறுபக்க நிழலில் மரப் பெட்டி ஒன்று அடித்துக் கொடுத்தேன். 'டிங்' சத்தம் கேட்டால் போதுமே, முகம் பார்க்க வேண்டியதில்லை. இந்த மேடு மூன்றே நாளில் தணிந்தது.

சார்ஜ் போடும் முறையையும் மாற்றினோம். மின்சாரம் நள்ளிரவு ஒரு மணிக்கு வரும். அக்கா கொசுவலைக்குள் தலையணை பக்கத்தில் போனைச் சொருகி வேகச் சார்ஜரில் விட்டுத் தூங்கிவிடுவார். பஞ்சு மேலும் கீழும் அடைத்தால் சூடு எங்கே போகும்? லித்தியம் பாட்டரியைச் சார்ஜ் செய்ய வழக்கமான மேல்வரம்பு 45 டிகிரி; அதை நெருங்கினால் போனே சார்ஜை மெதுவாக்கும், நிறுத்தும். அதனால்தான் சில நாள் காலையில் 'ராத்திரி முழுக்கப் போட்டும் ஏறலையே' என்று அவர் புலம்பியிருக்கிறார். இப்போது போன் தரையில், ஓட்டின்மேல், உறையில்லாமல். வேகச் சார்ஜ் அணைக்கப்பட்டது. 85 விழுக்காட்டில் நிற்கும்படி அமைத்தோம்.

அந்தக் கடைசி மாற்றம் சூட்டுக்காக இல்லை, பாட்டரியின் ஆயுளுக்காக. லித்தியம் பாட்டரியை 25 டிகிரியில் 40 விழுக்காடு சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்தால் கொள்ளளவு 96 விழுக்காடு மிஞ்சும். 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 65 விழுக்காடுதான் மிஞ்சும் என்பது பாட்டரித் துறையில் வழங்கும் கணக்கு. எங்கள் ஊர்க் கோடையில் அறையே 35ஐத் தாண்டுகிறது. ஆப்பிள் தன் ஐபோன்களைப் பயன்படுத்தச் சொல்லும் காற்று வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. அதாவது ஏப்ரல் பகலில் ரங்கூன் போன்கள் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலே எல்லையில்தான் இருக்கின்றன.

வெடித்துவிடுமா என்ற கேள்வி

வந்த முதல் நாளிலிருந்து அக்காவின் மனத்தில் இருந்தது இதுதான். கொசுவலைக்குள் மகள் பக்கத்தில் வைத்துத் தூங்கியதை நினைத்து அழவே செய்தார். 2016இல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகெங்கும் திரும்ப வாங்கிக்கொண்டதை எங்கள் தெருவில் எல்லாரும் அறிவார்கள். அது பாட்டரி செய்யும் இடத்தில் நேர்ந்த பிழை: ஒரு வகைப் பாட்டரியில் மின்முனையின் மூலை மடங்கியிருந்தது, இன்னொன்றில் வெல்டிங் பிசிறு. பேசும்போது சுடுவதும் அதுவும் ஒன்றில்லை. 43 டிகிரியில் போன் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. திரையை மங்கச் செய்தது, கேமராவை நிறுத்தியது, எல்லாம் அதற்குத்தான். நாம் தொந்தரவு என்று நினைத்தது அதன் தற்காப்பு.

அஞ்ச வேண்டிய அறிகுறிகளை மகளின் நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முதுகு உப்பி உறை பொருந்தாமல் போவது. இனிப்பான ஒரு ரசாயன வாடை. அணைத்து வைத்தும் சுடுவது. 30 விழுக்காட்டிலிருந்து திடீரென்று அணைந்துபோவது. கடைசியது பெரும்பாலும் முதுமைதான், ஆபத்தில்லை. ஆனாலும் காட்டிவிட வேண்டும். முதல் மூன்றில் எது வந்தாலும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கட்டில் பக்கத்திலிருந்து எடுத்து, தீப்பிடிக்காத இடத்தில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும், மணி எதுவானாலும்.

மழைக்குப் பிறகு

மே மாதக் கடைசியில் மழை பிடித்தது. அக்கா தோசை கொண்டுவந்து கொடுத்து, "உன் கை ராசி தம்பி, இப்பல்லாம் சுடவே இல்ல" என்றார். அதை அப்படியே வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அறை 36இலிருந்து 29க்கு இறங்கிவிட்டது. போன் எப்போதும் காற்றைவிட இத்தனை டிகிரி அதிகம் என்றுதான் நிற்கும், காற்று இறங்கினால் அதுவும் இறங்கும். என் வைத்தியம் பலித்ததா, மழை பலித்ததா?

ஜூன் இரண்டாம் வாரம் மகளிடம் சொல்லி, மின்தடை இரவொன்றில் பழையபடி நடு அறையில் 12 நிமிடம், அடுத்த தடையில் பால்கனியில் 12 நிமிடம் பேச வைத்தேன். நடு அறை: சிக்னல் -116, பாட்டரி 36.4. பால்கனி: -104, 32.7. மொத்தச் சூட்டை மழை இறக்கியிருக்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் மே மாதக் கோடையில் 4.2, ஜூனில் 3.7. கோடை போன பிறகும் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. அடுத்த ஏப்ரலில் காற்று திரும்ப ஏறும்போது அது மறுபடி கையைச் சுடும் அளவுக்கு வெளியே தெரியும். ஆகவே பால்கனிப் பழக்கத்தை விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் கவ்வி. பேப்பர்காரர், காய்காரர் அதில் மாட்டிவிட்டு மணியை ஆட்டுவார்கள். அந்தக் கயிறு கட்டிய இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில், சாரல் படாத மூலையில், மகள் ஒரு பிரம்புக் கூடையை மாட்டியிருக்கிறாள். எட்டு மணிக்கு அக்கா அங்கே முக்காலி போட்டு உட்காருகிறார். சிக்னல் -110ஐத் தாண்டினால் முகத்தை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுகிறார்கள்; எண் ஏறினால் மறுபடி முகம். எண்ணைப் பார்த்துச் சொல்வது மகள். போன ஞாயிற்றுக்கிழமை 50 நிமிடம் பேசியிருக்கிறார்கள். நோட்டில் அதையும் ஒரு வரியாக எழுதி, சூடு 33.1 என்று போட்டு, பக்கத்தில் 'அண்ணன் நாளைக்கும் கூப்பிடுறேன்னு சொன்னான்' என்று குறித்திருந்தாள்.